பருத்திக்கொட்டை ஊறவைத்தவர்களுக்கு

அன்புடையீர்,

2023 மே 31 அன்று மாலை பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி எனக்கு விடை கொடுத்தது. பொன்னாடை போர்த்தினார்கள். பேசச் சொன்னார்கள். நிதி கொடுத்தவர்களுக்கும் கருவி கொடுத்தவர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். 34 ஆண்டுகளாகக் கட்டுரைகளின் கடைசி இரண்டு வரியில் எழுதிவந்ததையே அன்றும் ஒப்பித்திருக்கிறேன் என்பது, வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடித்து வைக்கும்போதுதான் உறைத்தது. நன்றி சொல்லவேண்டியவர்களில் பாதிப் பேர் அந்த அரங்கத்துக்கு வரவில்லை. அவர்களை அழைக்கவே இல்லை. அழைப்புப் பட்டியல் எழுதியவள் நான்தான். அந்தக் கடனுக்கு இந்த மடல்.

முதலில் மாட்டுத் தீவனக் கடை அண்ணாச்சி. 1989-இல் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது என் கையில் கொடுக்கப்பட்டது பருத்தியின் சிவப்பு நாவாய்ப்பூச்சி. பூவரச மரத்தடியிலும் வெண்டைச் செடியிலும் வால்பக்கம் ஒட்டியபடி இரண்டிரண்டாக ஊர்ந்து திரியுமே, அதே பூச்சிதான். ஊறவைத்த பருத்திக்கொட்டைதான் அதற்குச் சாப்பாடு. வாரம் அரைக் கிலோ கொட்டை வாங்குவேன். "அரைக் கிலோவை எந்த மாடம்மா தின்கிறது?" என்று அண்ணாச்சி ஒருநாள் கேட்டேவிட்டார். முந்நூறு பூச்சிகளுக்கு என்றேன். அதன்பின் மருந்து தெளித்த மூட்டை எது, தெளிக்காத மூட்டை எது என்று அவராகவே பிரித்து எடுத்துவைக்கத் தொடங்கினார். ஒரு பிடி நஞ்சுக்கொட்டை கலந்திருந்தால் எத்தனை மாத உழைப்பு வீணாகியிருக்கும் என்பதை என்னைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார்.

பூச்சிக்கு ரத்தம் உண்டா என்று உறவினர்கள் இன்னும் கேட்கிறார்கள். உண்டு, பெரும்பாலும் சிவப்பாக இருக்காது. மூச்சுக்குழல்களே ஆக்சிஜனை நேராகத் திசுக்களுக்குக் கொண்டுபோய்விடுவதால், அதைச் சுமக்கும் வேலை பூச்சியின் குருதிக்கு இல்லை. நாவாய்ப்பூச்சியின் காலைக் கிள்ளினால் முத்துப்போல் ஒரு சொட்டு வரும். அது சில மைக்ரோலிட்டர்தான். ஒரு மில்லி சேர்க்க நூற்றுக்கணக்கான கால்களைக் கிள்ளவேண்டும். சேர்த்த குருதியைக் காற்றில் விட்டால் கறுத்துப்போகும். ஏன் கறுக்கிறது என்று வகுப்பில் விளக்கும்போதெல்லாம் என் மாமியாரைத்தான் நினைத்துக்கொள்வேன். வாழைக்காயை நறுக்கி மோர்த்தண்ணீரில் போடுவார், அதே காரணத்துக்காக. இரண்டிலும் பீனால் சேர்மங்களைக் கறுக்கவைப்பது செம்பைத் தாங்கிய நொதி. அத்தை மோர் ஊற்றினார். நான் அந்த நொதியை முடக்கும் ஃபீனைல்தயோயூரியா போட்டேன். கல்லூரிக் குளிர்பெட்டி பழுதான நாட்களில் தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில் என் குழாய்களை வைக்க இடமும் கொடுத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தார், ஆனால் கொடுத்தார்.

அப்போது எங்கள் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல்தான் வந்தது. குருதியை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் குளிரூட்டிய மைய விலக்கி வேண்டுமானால் மதுரைக்குப் போகவேண்டும். தெர்மாஸ் குடுவையில் பனிக்கட்டி, அதற்குள் குருதிக் குழாய்கள், மடியில் குடுவை. கோவில்பட்டி வருவதற்குள் பாதி உருகிவிடும். பஸ் நிலையத்துக்கு அருகில் சர்பத் கடை வைத்திருந்த தம்பி, மரத்தூளில் புதைத்த பாளத்திலிருந்து ஒரு துண்டு உடைத்துக் குடுவைக்குள் போடுவான். காசு வாங்கமாட்டான். நடத்துநர் விசில் கொடுக்கும் முன் ஓடிப்போய் ஏறவேண்டும். ஒருமுறை ஏறமுடியவில்லை. பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்திக் காத்திருந்த நடத்துநருக்கும் என் நன்றி. கடலைமிட்டாய் வாங்கப் போய்த் தாமதமாகிவிட்டது என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

நாவாய்ப்பூச்சியின் சொட்டுக் குருதியோடு போராடி அலுத்துத்தான் காண்டாமிருக வண்டின் புழுவுக்கு மாறினேன். வளர்ந்த வண்டு தென்னங்குருத்தைத் துளைக்கும். புழுவோ எருக்குழிக்குள் கட்டைவிரல் பருமனில் சுருண்டு கிடக்கும். ஒரு புழுவிலேயே அரை மில்லி குருதிக்குக் குறையாது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்தார்கள். புழுவுக்கு நாலணா. அமெரிக்காவில் மெக்எல்ராய் என்ற உயிர்வேதியியலாளர் 1940-களில் மின்மினிப் பூச்சி பிடித்துக் கொடுக்கும் பள்ளிப்பிள்ளைகளுக்கு நூற்றுக்கு 25 சென்ட் கொடுத்தார். அந்தப் பூச்சிகளை வைத்துத்தான், உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி இல்லாமல் மின்மினி ஒளிராது என்று 1947-இல் காட்டினார். நான் அவரைவிடத் தாராளமாகக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் என் பிள்ளைகள் வேறு வண்டுகளின் புழுக்களையும் நடுவில் கலந்து எண்ணிக்கையைக் கூட்டிவிடுவார்கள். அதற்கும் காசு கொடுத்தேன். இன்று அவர்களில் சிலருக்குத் தலை நரைத்திருக்கும். படிக்க நேர்ந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், கோபமில்லை.

எருக்குழிக்குச் சொந்தக்காரரான ஆச்சி ஒருவர், புழுவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். தின்கிற காலத்தில் புழுவின் கொழுப்புத் திசு ஒருவகைப் புரதத்தைச் செய்து குருதியில் நிறைத்து வைக்கும். கூட்டுப்புழுவாகிச் சாப்பாடு நின்ற பிறகு, அதை உடைத்து எடுத்துத்தான் வண்டின் உடலைக் கட்டும். ஆறு துணைப்பகுதிகள் சேர்ந்தது என்பதால் அதற்கு ஹெக்சாமெரின் என்று பெயர். இதையெல்லாம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "பிசானத்து நெல்லைக் குதிரில் போட்டு வைக்கிற மாதிரி" என்றார் ஆச்சி. சேமிப்புப் புரதத்துக்கு அதைவிட நல்ல உவமை எந்தப் பாடநூலிலும் நான் படிக்கவில்லை. முப்பது ஆண்டு வகுப்பில் அதையேதான் சொன்னேன், ஆச்சியின் பெயரைச் சொல்லாமல்.

அந்தப் புரதத்தின் பூர்வீகமும் சுவையானது. நண்டு, இறால்களின் குருதி நீலமாவது ஹீமோசயனினால். அது செம்பைத் தாங்கி ஆக்சிஜனைச் சுமக்கிறது. ஹெக்சாமெரின் அதன் பங்காளி, செம்பையும் சுமக்கும் வேலையையும் தொலைத்துவிட்டுச் சேமிப்புக்கு வந்தது. தூத்துக்குடி இறாலும் அம்பாசமுத்திரத்துப் புழுவும் ஒரே குடும்பம் என்று நான் சொன்னபோது சிரித்தவர் பாளை மார்க்கெட்டின் மீன்கடை அண்ணாச்சி. 2012-இல் ஒரு நாளில் பாதிக்குமேல் மின்சாரம் இல்லாமல் போன மாதங்களில், விடிகாலையில் தூத்துக்குடி மீனோடு வரும் பனிக்கட்டியில் ஒரு பெட்டி எனக்கென்று இறக்கியவர் அவர். அந்த ஆண்டின் புரதங்கள் கெடாமல் இருந்தன, கொஞ்சம் மீன் நாற்றத்தோடு.

கடைசியாக ஆய்வக உதவியாளர் அண்ணாச்சி. இவருக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

நாவாய்ப்பூச்சி வளர்த்த கூடுகளின் அடியில் வடிதாள் விரிக்கவேண்டும் என்பது விதி. வடிதாள் விலை அதிகம் என்று அண்ணாச்சி பழைய தினத்தாளை விரிப்பார். என் வழிகாட்டி பதறிப்போனார். காரணம் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து ஹார்வர்டுக்குக் கொண்டுபோன நம் பூச்சியின் உறவினம் ஒன்று அங்கே வளர்ந்து ஆளாகாமல் இளம்பூச்சியாகவே பெருத்துப்போனது. 1965-இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். கூட்டில் போட்ட காகிதத்தில் பால்சம் ஃபிர் மரத்தின் பொருள் ஒன்று இருந்தது. அது பூச்சியின் இளமை ஹார்மோனைப் போலவே வேலை செய்தது. நியூயார்க் டைம்ஸ் காகிதத்திலும் அது இருந்தது, லண்டன் டைம்ஸில் இல்லை. கதையைக் கேட்ட அண்ணாச்சி, "நம் பேப்பரில் அப்படி ஒன்றும் இருக்காது" என்றார். நம் பூச்சிகள் தமிழ்த் தினத்தாளின் மேல் ஒழுங்காகத் தோலுரித்துப் பெரிதாயின.

1992 பொங்கல் கழிந்து வந்து ஏழாம் கூட்டுப் பெண்பூச்சிகளின் குருதியை, புரதங்களைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினேன். முட்டையின் மஞ்சள்கருவுக்குப் போகும் விடெல்லோஜெனின் புரதம் பெண்களில் தடித்த பட்டையாகத் தெரியும். அன்று தெரியவில்லை. ஜெல்லைப் பழித்தேன், வேதிப்பொருளைப் பழித்தேன், மூன்றுமுறை திரும்பச் செய்தேன். இரண்டு வாரம் போயிற்று. மேசை துடைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, "ஏழாம் கூட்டையா அம்மா பார்க்கிறீர்கள்? அதற்குத்தான் பொங்கலுக்குக் கொட்டையே போடவில்லையே. தண்ணீர் மட்டும்தானே" என்றார். பதிவேட்டில் எழுதியும் வைத்திருந்தார். நான் பார்க்கவில்லை.

தோலுரித்து ஆளான பெண்பூச்சி சாப்பிட்டால்தான் இளமை ஹார்மோன் சுரக்கும், அதன் தூண்டுதலில்தான் கொழுப்புத் திசு விடெல்லோஜெனினைச் செய்யும். சாப்பாடு இல்லாவிட்டால் முட்டையும் இல்லை. உலகத்துக்கு இது புதிய செய்தி அன்று. ஆனால் என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுதும் அங்கிருந்துதான் பிறந்தது. அதில் "பட்டினிப் பூச்சிகளில் பட்டை இல்லாதது கவனிக்கப்பட்டது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினேன். கவனித்தவர் யார் என்பதை அந்தச் செயப்பாட்டு வினை விழுங்கிவிட்டது. 1993-இல் பட்டம் வந்தபோது அண்ணாச்சிக்கு ஒரு பெட்டி அல்வா கொடுத்தேன். அதோடு கணக்கு முடிந்தது என்று அப்போது நினைத்தேன்.

அண்ணாச்சி, அந்தப் பதிவேட்டை என் அறையைக் காலிசெய்தபோது எடுத்துவந்தேன். ஆய்வேட்டின் என் பிரதியில், நான்காம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில், உங்கள் பெயரைப் பேனாவால் எழுதியிருக்கிறேன். பதிவேட்டுப் பக்கத்தின் நகலையும் சேர்த்துத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் கையெழுத்தில் மூன்று சொல்தான்: "கூடு 7 கொட்டையில்லை."

நன்றியுடன்,
உயிர்வேதியியல் ஆசிரியை (ஓய்வு),
பாளையங்கோட்டை