கடை மாறிய காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய 60,000 ரூபாய் ஆடிக் கடைசி வெள்ளியன்று கணக்கில் ஏறியது. மறுநாளே நம் பூவை விற்றுக் கொடுக்கும் கமிஷன் கடைக்குப் போய் முன்பணப் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டேன். நோட்டில் என் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டுக் காட்டினார்கள். ஒன்பது வருஷக் கணக்கு, ஒரே கோட்டில் முடிந்தது.

அன்றைக்குப் போனில் நீ கோபமாகக் கேட்டது மனசிலேயே நிற்கிறது. "உங்களுக்கு மல்லிகை கிலோ 300 கிடைச்ச அன்னைக்கு இங்க மாம்பலத்துல முழம் 50 ரூபா. யாருப்பா இந்த விலையை வைக்கிறது?" மோட்டார் சத்தத்தில் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள். ராத்திரி இரண்டு மணிக்கே நானும் அம்மாவும் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிட்டோம். கூலிக்கு நாலு பேர். மொட்டு வெடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும், உனக்குத் தெரியும். எட்டு கிலோ தேறியது. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. கிலோ 1,200 என்று போய்க்கொண்டிருந்தது. ஆடி முழுக்க 300-ஐத் தாண்டாத அதே பூ, அதே செடி. ஏழு மணிக்கு நிலக்கோட்டைப் பக்கமிருந்து இரண்டு வேன் சரக்கு வந்து இறங்கியது. யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. சாக்கைப் பிரித்து மொட்டைக் கையில் அள்ளி மோந்து பார்த்த வியாபாரிகள் அப்படியே கொஞ்சம் பின்வாங்கி நின்றார்கள். அவ்வளவுதான், 1,050 ஆயிற்று. எட்டரைக்கு 900. அந்த மூன்று மணி நேரமும் விலை இறங்குவதை நின்று பார்த்தேன். அதை ஒருவர் இறக்கினார் என்று என்னால் விரல் நீட்டிச் சொல்ல முடியாது.

நீ விட்டுப்போன காலேஜ் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். மார்ஷல் என்ற இங்கிலாந்துக்காரர் 1890-லேயே எழுதியிருக்கிறாராம்: வரத்தும் தேவையும் கத்தரிக்கோலின் இரண்டு அலகு மாதிரி, காகிதத்தை எந்த அலகு வெட்டியது என்று கேட்டுப் பயனில்லை. சரியான பேச்சு. ஆனால் பூவில் ஒரு அலகு அசையாமல் நிற்கும். விடிந்தபிறகு நான் ஒரு மொட்டைக்கூட கூட்ட முடியாது. நெல் என்றால் குதிரில் போட்டு வைக்கலாம், மஞ்சள் என்றால் கிட்டங்கியில் வைத்து விலைக்குக் காத்திருக்கலாம். மல்லிகை சாயங்காலம் விரிந்துவிடும். அதனால்தான் ஒரே காலையில் இத்தனை ஏற்ற இறக்கம். மார்கழிப் பனியில் மொட்டு கருகி வரத்து அற்றுப்போகும்போது கிலோ 2,000, 3,000 என்று போவதும் இதனால்தான்.

வாங்குகிறவர்களும் ஒரே மாதிரி இல்லை. கல்யாண வீட்டுக்கு அலங்காரம் எடுத்தவர் என்ன விலை ஏறினாலும் வாங்கியே தீர வேண்டும். பொண்ணுக்கு மல்லிகை இல்லாமல் மணவறை ஏது? தினமும் தலைக்கு வைக்கிறவர்கள் அப்படியில்லை. மல்லிகை ஏறினால் பிச்சிக்குப் போவார்கள், முல்லைக்குப் போவார்கள், இல்லை ஒரு முழத்துக்குப் பதில் அரை முழம். முகூர்த்தத்தன்று பிச்சி விலையும் கூடவே ஏறுகிறதே, அது இவர்கள் அங்கே போவதால்தான்.

உன் மாம்பலத்துப் பூக்கார அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த 50 ரூபாயில் ஐஸ் இருக்கிறது, பஸ் ஏற்றியது இருக்கிறது, உட்கார்ந்து கட்டிய விரலுக்குக் கூலி இருக்கிறது. ராத்திரி விற்காமல் கூடையில் வாடிப்போகிற பூவின் காசையும் விற்ற பூவில்தான் அவர் எடுக்க வேண்டும். அவரிடம் பேரம் பேசாதே.

இரண்டு வருஷத்துக்கு முந்தின சித்திரை நினைவிருக்கிறதா? ஊரெல்லாம் பூ கொட்டியது. முகூர்த்தமில்லாத வாரம். சென்ட் கம்பெனிக்காரர்கள்தான் மிச்சத்தை அள்ளுவார்கள், அவர்கள் கொடுத்த 120-தான் அன்றைக்கு விலை. கணக்குப் போட்டேன். நூற்றுக்குப் பத்து கமிஷன், 12 போச்சு. வண்டி வாடகை கிலோவுக்கு 10. மிச்சம் 98. எடுப்புக்கூலி 100. மொட்டு எடுத்தால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கைநஷ்டம். "இத்தனை உரம் போட்டு, தண்ணி விட்டு, செடியிலேயே விடுறதா?" என்று அம்மா அழுதாள். உரமும் தண்ணியும் போட்டது போட்டதுதான், எடுத்தாலும் திரும்பாது, விட்டாலும் திரும்பாது. அன்றைக்குக் காலையில் பார்க்க வேண்டியது கூலியும் வண்டியும் மட்டும். விட்டுவிட்டேன். சாயங்காலம் அரை ஏக்கரும் ஒரேயடியாக விரிந்தது. அந்த வாசனையில் ராத்திரி வீட்டுக்குள் படுக்க முடியவில்லை, பாப்பா. கணக்கு சரிதான். ஆனால் நாம் பட்ட பாடு விலைக்குத் தெரியாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஊரெல்லாம் ஏன் கொட்டியது என்பதற்கும் காரணம் உண்டு. அதற்கு முன்னால் நல்ல விலை போனதைப் பார்த்து நம் ஊரில் பாதிப் பேர் தங்கச்சிமடத்து நாற்றை வாங்கி ஊன்றினார்கள். நானும்தான் பத்து சென்ட் கூட்டினேன். எல்லாச் செடியும் சேர்ந்தே வளர்ந்து, சேர்ந்தே பூத்தது. விலை சொன்ன சேதியை எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டோம். பக்கத்துக் காட்டுக்காரனும் அதையே கேட்டான் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் உன் கேள்விக்கு நிஜமான பதில். விலையை யாரும் வைப்பதில்லை என்று மேலே எழுதினேன். அது ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு நடந்து போக முடிகிறவனுக்குத்தான் உண்மை. மாட்டுத்தாவணியில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. ஒருவர் 900 சொன்னால் அடுத்தவர் 950 கொடுத்துச் சரக்கை இழுப்பார், அந்த இழுபறிதான் எல்லோரையும் நேராக வைத்திருக்கிறது. ஆனால் முன்பணம் வாங்கினவன் அந்தக் கடைக்கு மட்டும்தான் பூ போட வேண்டும். உன் படிப்புக்கும், போர் இறக்கியதற்கும் நான் வாங்கிய பணம் அது. ஒன்பது வருஷமாகப் பக்கத்துக் கடையில் 50 ரூபாய் கூடப் போகும்போதும் தலையைக் குனிந்துகொண்டு இங்கேயே இறக்கினேன். எடை போட்டபிறகுதான் விலை சொல்வார்கள், சீட்டில் எழுதியதுதான் கணக்கு. ஈரம் இருக்கிறது என்று கால் கிலோ கழித்தால்கூட வாய் திறக்க முடியாது. நீ படித்த வரைபடத்தில் வரத்துக் கோடும் தேவைக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டே, அங்கே நான் ஒன்பது வருஷமாகப் போனதே இல்லை. அவசரத்துக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்தான், அதையும் மறக்க மாட்டேன். வேறு யாரும் ஈடில்லாமல் எனக்குப் பணம் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த உதவிக்கு வட்டி என்று எழுதாமல் விலையில் எடுத்துக்கொண்டார்கள்.

முகூர்த்தத்துக்கு முந்தின அந்தக் காலையில் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு முதலில் பழைய கடைக்குத்தான் போனேன். கால் தானாகப் போகிறது. 1,130 என்றார்கள். சாக்கை இறக்கவில்லை. "வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நாலு கடை தள்ளிப் போனேன். அங்கே 1,200. திரும்பி வரும் வழியில் பழைய கடைப் பையன் ஓடிவந்து, "அண்ணே, நாளைக்கு இங்க கொண்டாங்க, பாத்துப் போட்டுத் தாரோம்" என்றான். என்னை அந்தக் கடையில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கிலோவுக்கு 70 ரூபாய் வித்தியாசம். எட்டு கிலோவுக்கு நீயே பெருக்கிப் பார். சீட்டை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். கார்த்திகைக் கடைசியில் கவாத்து பண்ண வேண்டும், அதற்கு இந்தத் தடவை யாரிடமும் போய் நிற்க மாட்டேன். நீ இனிப் பணம் அனுப்ப வேண்டாம், உனக்கு ஒரு நல்ல கட்டில் வாங்கிக்கொள். நாளைக்கும் முகூர்த்தம். இரண்டு மணிக்கு எழ வேண்டும்.

அன்புடன்,
அப்பா