எரிச்சல் பாடம் நடந்த ஆண்டு: செயலாளர் அறிக்கை

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் வியாழன் இரவு நடக்கும் ஆங்கிலப் பேச்சு வட்டத்தின் ஆண்டறிக்கை இது. ஆங்கில, சீன அறிக்கைகளை ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது, இது தமிழ்த் தொண்டூழியர்களுக்கு.

ஆண்டு முழுக்க என்னென்னவோ சொல்லிக்கொடுத்தோம், உருப்படியாக நின்றது எரிச்சல் பாடம்தான். சீனாவிலிருந்து வந்த ஒரு அம்மா, மேல்வீட்டு ஈரத்துணி தன் காய்ந்த போர்வைமேல் சொட்டுவதைச் சொல்ல வந்து, "ஐ ஆம் வெரி அனாயிங்" என்று முடித்தார். அதாவது, தொல்லையே நான்தான் என்று வாக்குமூலம்! மாண்டரினில் 'ஃபான்' என்ற ஒரே சொல் எனக்கு எரிச்சல் என்பதற்கும் வரும், அந்த ஆள் எரிச்சல் என்பதற்கும் வரும், அதனால் அவர்மேல் தப்பில்லை. அந்த எழுத்தின் இடப்பக்கம் நெருப்பு, வலப்பக்கம் பழைய வழக்கில் தலையைக் குறித்த வடிவம். நம் எரிச்சலிலும் நெருப்புதானே இருக்கிறது, அதையே பிடித்துக்கொண்டேன்: தீ வைத்தவர் 'அனாயிங்', சூடு பட்டவர் 'அனாய்ட்'. அதற்கப்புறம் யாருக்கும் குழப்பம் வரவில்லை.

அளவு தெரியாததுதான் அடுத்த சிக்கல். லிஃப்ட் தாமதமானாலும் 'ஆங்ரி' என்றால் பக்கத்தில் நிற்பவர் பயந்து ஒதுங்குவார். அதற்கு 'அனாய்ட்' போதும், படிவம் மூன்றாம் முறை திரும்பி வந்தால் 'ஃப்ரஸ்ட்ரேட்டட்', பல மாதம் பொறுத்துப் பொறுத்து அலுத்துப்போனால் 'ஃபெட் அப்'. 'தாங்க முடியவில்லை' என்று பொருள்படும் 'புவே தஹான்' சொல்லித்தரலாமா என்று செயற்குழுவில் பெரிய வாக்குவாதம். ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியும் மலாயும் கலந்த அந்தச் சொல் ஆங்கிலமே இல்லை என்பது சிலர் கட்சி. கடைத்தெருவில் தினமும் காதில் விழுவதை மறைத்து என்ன லாபம்? நான் சொல்லித்தந்தேன்.

'மாஃபான்' என்றால் தொந்தரவு, அதிலும் இதே 'ஃபான்' உண்டு. ஆனால் உதவி கேட்கும்போது அதுவே மரியாதைச் சொல், நாம் 'சிரமத்துக்கு மன்னிக்கணும்' என்கிறோமே, அப்படி. அதற்கு 'ஸாரி டு பாதர் யூ' என்று எழுதிக்கொடுத்தோம். அந்த அம்மா அதை மனப்பாடம் செய்துகொண்டு மேல்வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவர் மாண்டரினில் பதில் சொன்னாராம்.

வரவு செலவு பலகையில் இருக்கிறது, தேநீரும் நகலும்தான் செலவு. மின்விசிறி இன்னும் கிறீச்சிடுகிறது. 'அனாயிங்' என்பதற்கு உதாரணம் காட்ட இத்தனை நாள் உதவியது, பாடம் முடிந்துவிட்டது, இனி யாராவது எண்ணெய் விடலாம்.