பெப் முடித்தவர் கையில் தேதி எழுதிக் கொடுங்கள்

எச்ஐவி பரிசோதனை மையங்களின் மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

தொற்று வரக்கூடிய தொடர்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் வருகிறவருக்கு, எச்ஐவி ஒட்டாமல் தடுக்க 28 நாள் சாப்பிடும் பெப் மருந்தைத் தொடங்கிவிடுகிறீர்கள். கடைசி மாத்திரையை விழுங்கிய பிறகுதான் அவர் தனித்து விடப்படுகிறார். "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தினமும் தடவிப் பார்ப்பார். தடவத் தடவ அந்த இடம் வலிக்கும். வலித்தால் பயம் கூடும்.

அறிகுறியை வைத்து எச்ஐவி உண்டு, இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. புதுத் தொற்றில் காய்ச்சல், தொண்டைவலி, தோல் தடிப்பு வரலாம். சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் இவையே வரும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. மருந்து சாப்பிடும் நாட்களில் குமட்டல், தலைவலி, தூக்கமின்மை என்றால் பெரும்பாலும் மாத்திரைதான் காரணம். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆனால் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால், குறித்த தேதிவரை காத்திருக்காமல் வரச் சொல்லுங்கள்.

அடுத்தது தேதி. கிருமியின் புரதத்தையும் (பி24 ஆன்டிஜென்) அதற்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைச் சோதனைக்கு 45 நாள் போதும் என்று படித்துவிட்டு, பலர் தொடர்பு நடந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அது பெப் எடுக்காதவருக்கான கணக்கு. மருந்து கிருமியை அடக்கி வைத்தால் பி24 ஆன்டிஜெனும் ஆன்டிபாடியும் தாமதமாகத் தலைகாட்டலாம்; அதனால் மருந்துக் காலத்து நெகட்டிவ் முடிவானதல்ல. தொடர்பு மார்ச் 1, முதல் மாத்திரை மார்ச் 2 என்றால் கடைசி மாத்திரை மார்ச் 29. இடைச் சோதனை ஏப்ரல் 12 வாக்கில். தொடர்பு நடந்து 12 வாரம் நிறையும் மே 24 அன்று இறுதிச் சோதனை. இந்தத் தேதிகளை மாத்திரை டப்பாவிலேயே எழுதி ஒட்டுங்கள். அதுவரை ஆணுறை வேண்டும், ரத்ததானம் கூடாது.

ஹெபடைடிஸ் பி சோதனையைத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். பெப்பில் உள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்தக் கிருமியையும் அடக்குபவை. அது உள்ளவர் 28ஆம் நாள் சட்டென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கிளம்பலாம். பெப்பில் உள்ள இன்னொரு மருந்தான டொலுடெக்ராவிரை வயிற்றுப்புண்ணுக்கான ஆன்டாசிட்டுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும் என்பதும் விட்டுப்போகிற விஷயம்.

இறுதி முடிவு நெகட்டிவ் என்றால், "இந்தத் தொடர்புக்கு இனி சோதனை வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன் பிறகும் வாராவாரம் சோதிக்கக் கேட்டு வருகிறவருக்கு இன்னொரு கிட்டைப் பிரிக்காதீர்கள். அவரை உட்காரவைத்துப் பேசுங்கள், மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.