தாளில் ஏறாத கிறிஸ்துமஸ் செலவுகள்

ஐயா,

டிசம்பர் பிறந்ததும் புத்தாடை, கேக், பிரியாணிக்கு ஆட்டிறைச்சி என்று கணக்கெழுதும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆனால் கையைக் கடிப்பவை அந்தத் தாளில் ஏறாத செலவுகளே. ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பு, அதாவது அக்டோபர் இறுதிவாக்கிலேயே தொடங்கிவிடுவதால், அதைத் தவறவிட்டவர்கள் நாகர்கோவிலுக்கோ தூத்துக்குடிக்கோ செல்ல ஆம்னி பேருந்துகள் கேட்கும் கட்டணத்தைக் கொடுக்க வேண்டியதாகிறது. பெரம்பூரிலிருந்து கிளாம்பாக்கம்வரை ஆட்டோவுக்குத் தருவது தனி.

சென்ற ஆண்டு புடவைகளின் விலையைப் பைசா சுத்தமாக எழுதிய நான், மூன்று ரவிக்கைகளுக்கான தையற்கூலியையும் லைனிங் துணியையும் அடியோடு மறந்தேன். கடைசி வாரத்தில் கொடுத்ததால் தையற்காரர் அவசரக் கூலியும் சேர்த்துக்கொண்டார் (அவரைக் குறை சொல்வதற்கில்லை). நள்ளிரவில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடிவந்து கதவைத் தட்டும் கீதபவனிக் குழுவுக்குக் காணிக்கை, முறுக்கும் அதிரசமும் சுட்டதில் முன்கூட்டியே தீர்ந்த சிலிண்டர், காவலாளிக்கும் தூய்மைப் பணியாளருக்கும் இனாம் என்று பிறகு வந்தவை பல. போதாததற்கு, 31ஆம் தேதி இரவு ஆராதனைக்குப் பிள்ளைகள் இன்னொரு புத்தாடை கேட்கிறார்கள். பள்ளியின் மூன்றாம் பருவக் கட்டணமும் பொங்கலும் அடுத்த இரு வாரங்களுக்குள் வந்து நிற்கின்றன.

இந்த ஆண்டு செப்டம்பரிலேயே தனி நோட்டு போட்டிருக்கிறேன். முதல் வரி, தையற்கூலி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.