வட்டியே இல்லாத முன்பணம்: பள்ளிக்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக்கல்வித் துறை அதிகாரிகளுக்கும் பாடநூல் குழுவினருக்கும்,

வணக்கம். பாம்பனில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருவேன்.

அதில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. 'வாழ்வியல் கணிதம்' பாடத்தில் கூட்டு வட்டியை மளமளவென்று போட்டுவிடுவாள். அவள் அப்பா நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறவர். வலை வாங்க வியாபாரியிடம் 50,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். அந்தக் கடனுக்கு என்ன வட்டி என்று ஒருநாள் கேட்டேன். "அது கடன் இல்லக்கா, முன்பணம். வட்டியே கிடையாது" என்றாள்.

சரி, போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். முன்பணம் வாங்கியவர் நண்டை வேறு யாருக்கும் விற்கக் கூடாது. வெளி விலையைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துத்தான் அவரிடம் எடுக்கிறார்கள். நாளைக்கு 10 கிலோ என்றால் 200 ரூபாய். மாதம் 20 நாள் கடலுக்குப் போனால் 4,000. நூற்றுக்கு எட்டு வட்டி. வருடத்துக்கு 96 சதவீதம். முதல் அப்படியே நிற்கிறது. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "புத்தகத்துல பத்து, பன்னெண்டுதானேக்கா வரும்?" என்றாள்.

புத்தகத்து வட்டி வருடத்துக்கு. எங்கள் கரையில் வட்டி மாதத்துக்கு, இல்லையென்றால் நண்டு விலைக்குள் ஒளிந்திருக்கிறது. தண்டல் என்கிற தினவசூல் கடனும் இப்படித்தான். (தோணிக் காலத்தில் தண்டல் என்றால் தோணித் தலைவர். இப்போது அந்தப் பேரைக் கேட்டாலே ஆட்கள் பின்வாசலைத் தேடுகிறார்கள்.) 10,000 என்று எழுதி 8,500 கையில் தருவார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பிடித்தம் 15 சதவீதம்தானே என்று தோன்றும். அசல் நாளுக்குநாள் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும்.

விசைப்படகுக் கூலிக்குப் போகிற வீடுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதற்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாயை வகுத்தால் நாளைக்கு 131 சொச்சம். இந்த வீட்டுப் பிள்ளையிடம் போய் 'சேமிப்பே செல்வம்' என்று ஓவியப் போட்டி நடத்தி உண்டியல் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

தனிப் பாடம் கேட்கவில்லை. புத்தக மூட்டை இப்போதே கனம். அதே 'வாழ்வியல் கணித'த்தில் மாத வட்டியை ஆண்டு வட்டியாக்குவது, முன்பணம், தண்டல், நகைக்கடன், குழுக்கடன் என்று நான்கைந்து கணக்குகள் சேருங்கள். கணக்கில் வரும் குடும்பம் கற்பனையாக இருக்கட்டும். "உங்க வீட்டுக் கடன் எவ்வளவு?" என்று மட்டும் வகுப்பில் யாரும் கேட்டுவிடக் கூடாது, மறுநாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வராது.

அந்தச் சிறுமி நோட்டை அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். "தெரியும்மா. வலைக்கு வேற யாரு குடுப்பா?" என்றாராம். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. விவசாயிகளுக்கு வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் தருகிற கிசான் கிரெடிட் கார்டு 2018-19 முதல் மீனவருக்கும் உண்டு. குறிப்பிட்ட வரம்பு வரை ஆண்டுக்கு 7 சதவீதம், ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் 4. அவருக்கு அந்தப் பேரே புதிது. கடன் விண்ணப்பம் ஒன்றை எப்படி நிரப்புவது என்பதும் அந்தப் பாடத்திலேயே இருக்கட்டும். போன வாரம் அந்தப் படிவத்தை என் கடையில் பிரிண்ட் எடுத்து அவர் மகள்தான் நிரப்பினாள். 'ஈடு' என்ற கட்டத்தில் வந்து பேனாவை நிறுத்திவிட்டாள்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி