பியானோவும் குரலும் மட்டும்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் இருந்ததால் உட்கார்ந்து பதில் எழுத நேரமில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேளை தவறாமல் சொட்டு மருந்து போட வேண்டும், குனியக் கூடாது, அவ்வளவுதான். உன்னை விசாரித்தாள். பையனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது கேட்டு எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். தங்க இடம் பார்த்தாயிற்றா? இல்லையென்றால் சொல், அங்கே எனக்கு இரண்டு பேரைத் தெரியும்.

சரி, நம் கச்சேரி விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் சர்ச் ஹாலில் ஒரு மணி நேரம், நீ பாட நான் பியானோ வாசிக்க, தபலா கிடையாது, கிட்டார் கிடையாது என்று முடிவானதிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். நீ அனுப்பிய பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தேன். பாதியை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. கோபப்படாதே, காரணம் சொல்கிறேன்.

'ராக்கம்மா கையத் தட்டு' பாட்டைக் கேட்டதும் கூட்டம் எழுந்து ஆடும், மறுக்கவில்லை. ஆனால் நாம் அதில் எதைக் கேட்டு மயங்குகிறோம்? அந்த வயலின் கூட்டம், தாளம், கோரஸ். மூன்றையும் எடுத்துவிட்டால் பியானோ அவற்றை ஞாபகப்படுத்தும் வேலையைத்தான் செய்யும், தன் வேலையைச் செய்யாது. நடுவில் வரும் 'குனித்த புருவமும்' என்கிற அப்பர் தேவாரம் வேறு விஷயம். அதை மட்டும் தனியாக, நிதானமாகப் பாடினால் நிற்கும். அப்படியே 'எங்கே நிம்மதி'. டி.எம்.எஸ். குரலுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய வாத்தியக் கூட்டம் இருப்பதால்தான் அந்தத் தவிப்பு நமக்கு அந்த அளவில் வந்து சேருகிறது. அதே 'புதிய பறவை'யில்தான் சுசீலா பாடிய 'உன்னை ஒன்று கேட்பேன்' இருக்கிறது. அதை வைத்துக்கொள்வோம். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிற பாட்டு அது. அந்தக் காத்திருக்கும் இடங்கள் எனக்குப் போதும்.

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். கரண்ட் போன ராத்திரி மொட்டை மாடியில் நீ மட்டும் பாடினால் அந்தப் பாட்டு முழுசாக இருக்குமா? இருந்தால் வைத்துக்கொள். இரண்டே பேர் மேடையில் இருக்கும்போது சொல் ஒவ்வொன்றும் முன்னால் வந்து நிற்கும். வாத்தியச் சத்தத்தில் ஒளிந்துகொண்டிருந்த சாதாரண வரிகள் எல்லாம் அன்றைக்கு அகப்பட்டுக்கொள்ளும். அதனால் மெட்டைப் பார்ப்பதற்கு முன் வரிகளைக் காகிதத்தில் எழுதி, பாடாமல் வாய்விட்டுப் படித்துப் பார்.

'மயக்கமா கலக்கமா'வை நீ ஏன் விட்டாய்? 1962இல் 'சுமைதாங்கி'க்காகக் கண்ணதாசன் எழுதியது. வாலி சென்னையில் வாய்ப்பு கிடைக்காமல் அலுத்து, ஊரை விட்டே போய்விட நினைத்திருந்த சமயத்தில், அவரைப் பார்க்க வந்த பி.பி.ஸ்ரீனிவாஸ் புதிதாகப் பாடிய பாட்டு என்று இதைப் பாடிக் காட்டினார். வாலி போகவில்லை. அவரே பல இடங்களில் சொன்ன கதைதான். அங்கே என்ன ஆர்க்கெஸ்ட்ரா இருந்தது? ஒரு குரலும் அந்த வரிகளும். நமக்கு வேண்டிய பாட்டு இதுதான் மக்கா, பட்டியலில் முதலில் எழுதிக்கொள்.

அப்புறம் என் பக்கம். பியானோவில் கட்டையைத் தட்டியதும் ஒலி பிறக்கிறது, உடனே தேயத் தொடங்கிவிடுகிறது. வயலின் போல ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல வளர்க்க முடியாது. பெடலை மிதித்தால் கொஞ்ச நேரம் நிற்கும், அவ்வளவே. ஆகவே நீ நீட்டிப் பாடும்போது நானும் கூடவே அதே மெட்டை வாசித்தால் இரண்டு பேருக்கும் கெடுதல். இதற்கு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டைக் கேள். 1827இல் அவர் எழுதிய 'வின்டர்ரைஸ' என்ற தொகுப்பில் 24 பாட்டுகள், எல்லாமே ஒரு குரலுக்கும் பியானோவுக்கும். கடைசிப் பாட்டில், பனியில் வெறுங்காலோடு நின்று கைப்பிடியைச் சுற்றி வாசிக்கும் ஒரு தெரு வாத்தியக்காரன் வருகிறான். இடது கை தொடக்கத்திலிருந்து சா, ப இரண்டையும் சேர்த்து அப்படியே போட்டுக்கொண்டிருக்கும், நம் தம்புரா போல. வலது கையில் சின்னதாக ஒரு மெட்டு. ஆனால் பாடகர் வாயைத் திறந்ததும் அது அடங்கிவிடும். அவர் வரியை முடித்த பிறகு மறுபடி வரும். மாறி மாறித்தான். குரலும் அந்த மெட்டும் அநேகமாக ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதே இல்லை. பாட்டு நாலு நிமிஷம்கூட இருக்காது, முடிந்ததும் எனக்குப் பேச வராது.

இதையே 'கண்ணே கலைமானே'யில் செய்யலாம் என்று இருக்கிறேன். பல்லவிக்கு இடது கையில் அடிச்சுரமும் பஞ்சமமும் மட்டும். வலது கை சும்மா இருக்கட்டும். நீ வரியை முடித்து மூச்சு எடுக்கும் இடத்தில் மட்டும் நாலு சுரம் சொல்கிறேன். கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு என்று எல்லோரும் சொல்லும் பாட்டு. 1982இல் படம் வந்தபோது அவர் இல்லை. தாலாட்டு என்பதால் குரலை ஏற்ற வேண்டாம், ஜேசுதாஸ் மாதிரி பாடவும் வேண்டாம். உன் வீட்டுப் பிள்ளையைத் தூங்க வைத்த குரல் போதும்.

'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக வேண்டாம் என்கிறேன். ரீதிகௌளை ராகத்தில் காந்தாரமும் நிஷாதமும் அசைந்துகொண்டே இருந்தால்தான் அது ரீதிகௌளை. பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. பாலமுரளி பாடியதில் உயிர் எல்லாம் அந்த நடுவில்தான் இருக்கிறது. இதே காரணத்துக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940இலிருந்து 1971 வரை ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்திருந்தது. அந்தத் தடை எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அவர்கள் சொன்ன குறை உண்மைதான். கமகம், அதாவது சுரத்தை அப்படி அசைப்பது, குறைவாகக் கேட்கும் பாட்டுகளாக எடுத்தால் இந்தச் சண்டையே வராது.

அதற்கு நம்மிடமே நல்ல சரக்கு இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள். வெள்ளைக்காரர்களின் மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரண ராகத்தில், கமகமே இல்லாமல் சமஸ்கிருதத்தில் எழுதியவை. 'சந்ததம் பாஹிமாம்' அப்படியே பிரிட்டிஷ் தேசியகீதத்தின் மெட்டு. 'சக்தி ஸஹித கணபதிம்' ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதையே முதல் பாட்டாக வைத்தால் பியானோ அந்நியமான வாத்தியம் என்ற நினைப்பு ஹாலில் யாருக்கும் இருக்காது.

ஏ.ஆர்.ரகுமானில் 'வெள்ளைப் பூக்கள்' கண்டிப்பாக வேண்டும். அவர் குரலிலேயே ஆரவாரம் இல்லை. யுத்தம் முடிய வேண்டும் என்று கேட்கும் பாட்டை இப்போது பாடாமல் எப்போது பாடுவது?

ஸ்ருதி பற்றி ஒன்று. நீ மேடையில் இரண்டரைக் கட்டையில் பாடிப் பழகியவன். இதற்கு இரண்டுக்கோ, ஒன்றரைக்கோ இறங்கு. எல்லா வாத்தியத்துக்கும் மேலே கேட்க வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை, மெதுவாகப் பாட இடம் வேண்டும். கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தி ஸ்ருதியை மாற்றுவது போல அந்த ஹால் பியானோவில் முடியாது. நான் விரலாலேயே மாற்ற வேண்டும், அதனால் சீக்கிரம் முடிவு பண்ணிச் சொல். டியூனரையும் இப்போதே கூப்பிட்டுவிடு. கடல்காற்றில் அதன் ஸ்ருதி கலைந்துதான் இருக்கும். மொத்தமாகக் கால் சுரம் இறங்கியிருந்தாலும் பரவாயில்லை, நம்மோடு வேறு வாத்தியம் இல்லையே. தனக்குள் ஒத்திருந்தால் போதும்.

பாட்டுக்கு நடுவே வாத்தியம் மட்டும் வரும் இன்டர்லூடை எல்லாம் எடுத்துவிட்டால் நாலரை நிமிஷப் பாட்டு மூன்று நிமிஷத்துக்கு வந்துவிடும். எண்ணிக்கையைக் கூட்டாதே. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நீ வரிகளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசு, உனக்கு அது நன்றாக வரும். நடுவில் நான் தனியாக ஒன்று வாசிக்கிறேன், நீ தண்ணீர் குடித்துக்கொள்.

பாரதி பாட்டு ஒன்று சேர்க்க வேண்டும், எதுவென்று முடிவாகவில்லை. 'காக்கைச் சிறகினிலே' என் எண்ணம். உன் மனசில் இருப்பதை எழுது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வகுப்பு கிடையாது, போன் பண்ணினால் பாடியே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி