ஒகாயா: நூல் நூற்ற ஊர்

ஒகாயா, நாகானோ மாநிலம், ஜப்பான்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, மறுபடி தருமபுரி பட்டுக்கூடு அங்காடிப் பக்கம் போய்வர ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பட்டுவளர்ச்சித் துறையிலிருந்து ஓய்வு பெற்றும் பட்டுக்கூட்டின் விலை விசாரிக்காமல் உனக்குச் சாப்பாடு இறங்காது என்று தெரியும். இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். குளிர்தான் அதிகம். மருமகள் எனக்கு இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கோட்டும் போட்டுத்தான் வெளியே அனுப்புகிறாள்.

என் பையன் வேலை பார்க்கும் ஊர் ஒரு காலத்தில் பட்டுக்குப் பேர்போனதாமே, இப்போது அங்கே பட்டு இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்ல, ஊர் இருக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஒகாயா கடலே இல்லாத மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே, சுவா ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஏரியே கடல் மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரம். பல ஓடைகள் வந்து விழும் இந்த ஏரியிலிருந்து வெளியே போகிற ஆறு ஒன்றே ஒன்று, தென்ரியூ. அது கிளம்பும் மதகு இந்த ஊரில்தான் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே 213 கிலோமீட்டர் ஓடிப் பசிபிக் கடலில் விழுகிறது. தினமும் காலையில் அந்த மதகு வரை நடந்துவிட்டு வருகிறேன். சுத்தமான தண்ணீர், சக்கரம் சுற்ற ஆற்றின் வேகம், சுற்றுமலையில் விறகு, ஈரமில்லாத காற்று. கூடு வேகவைத்து நூல் எடுக்க வேறென்ன வேண்டும்? நெல் விளையும் நிலம்தான் குறைவு. அதனால்தான் ஜனங்கள் பட்டுப்பூச்சியை நம்பினார்கள்.

ஜப்பான் அரசாங்கம் 1872இல் தொமியோகாவில் பெரிய நூற்பாலை கட்டியது உனக்குத் தெரியும். பிரான்சிலிருந்து வந்த இரும்பு இயந்திரம், செங்கல் கட்டடம், எல்லாமே பெரிய செலவு. இந்த ஊர்க்காரர்களிடம் அவ்வளவு பணம் இல்லை. அவர்கள் பிரெஞ்சு முறையிலிருந்தும் இத்தாலிய முறையிலிருந்தும் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு, இயந்திரத்தின் சட்டகத்தை மரத்தில் செய்தார்கள். கூடு வேகும் தொட்டியைச் சுட்ட மண்ணில் செய்தார்கள். 1875இல் தகேய் தைஜிரோ என்பவர் உருவாக்கிய இந்த முறைக்கு 'சுவா முறை' என்று பெயர். உள்ளூர்த் தச்சரும் குயவரும் செய்துவிடக்கூடிய இயந்திரம் என்பதால் நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஒகாயாவின் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். கதகுரா குடும்பம் 1873இல் பத்துத் தொட்டியோடு வீட்டிலேயே தொழில் தொடங்கியது. அதே கதகுரா நிறுவனம் 1939இல் தொமியோகா ஆலையையே வாங்கிவிட்டது என்றால் பார்த்துக்கொள்.

ரயில் 1905இல்தான் வந்தது. அதற்கு முன்னால் கச்சாப்பட்டு குதிரை முதுகில் மலைக் கணவாய் தாண்டிப் போய், யோகோஹாமாவில் கப்பல் ஏறி அமெரிக்கா போனது. ரயில் வந்த பிறகு ஆலைகள் பெருகி, இங்கே வேலை செய்த பெண்களே 30,000க்கு மேல் என்ற நிலை வந்தது. இவ்வளவு நடந்தும் இது ஹிரானோ என்ற பெயரில் ஒரு கிராமம்தான், செல்வம்! நடுவில் பேரூராட்சி கூட ஆகாமல் 1936இல் நேராக நகரமானது. நகர அலுவலகத்துக்கான கட்டடத்தை ஒரு ஆலை முதலாளி கட்டிக் கொடுத்தார். அது இன்னும் நிற்கிறது.

அந்தப் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிப் பேசவே கூடாது. பலர் மலைக்கு அப்பால் ஹிதா பகுதியிலிருந்து வந்த ஏழை விவசாயிகளின் பிள்ளைகள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கூட வந்திருக்கிறார்கள். 1672 மீட்டர் உயரமுள்ள நொமுகி கணவாயை நடந்தே தாண்டுவார்கள். வருடக் கடைசியில் சம்பளப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு, பனியில் திரும்பிப் போவார்கள். வேலை ஒரு நாளைக்கு 13, 14 மணி நேரம். கூலி கணக்கிட்ட விதத்தை உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொருத்தி எடுத்த நூலையும் சோதித்து, தடிமன் சீராக இருக்கிறதா, மினுமினுப்பு எப்படி, இத்தனை கூட்டுக்கு எவ்வளவு நூல் வந்தது என்று பார்த்து, ஆலையின் சராசரியோடு ஒப்பிடுவார்கள். சராசரிக்கு மேலே போனவளுக்குக் கூடுதல் கூலி, கீழே போனவளுக்குப் பிடித்தம். ஆக, ஒருத்திக்குக் கூடியது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குக் குறைந்தது. முதலாளி கையிலிருந்து போவது அதேதான். எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது.

1909 நவம்பரில் மசாய் மினே என்ற பெண் நோயில் விழுந்து, அண்ணன் முதுகில் சுமந்து ஊருக்குக் கொண்டுபோகும்போது நொமுகி உச்சியில், "ஆ, ஹிதா தெரிகிறது" என்று சொல்லி இறந்தாள். அங்கே அவள் நினைவாகக் கல் நட்டிருக்கிறார்கள். அவள் வேலை பார்த்த யமாயிச்சி ஆலையில்தான் 1927 ஆகஸ்ட் கடைசியில் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தில் சேர உரிமை, நல்ல சாப்பாடு, நியாயமான கூலி, இவைதான் கேட்டார்கள். நிர்வாகம் இறங்கி வரவில்லை, விடுதியையே மூடியது. பெண்கள் தோற்றுத்தான் வீடு திரும்பினார்கள். அந்த ஆலையின் அலுவலகக் கட்டடம் இன்னும் இருக்கிறது. போன வாரம் போனேன். உள்ளே உள்ளூர்ப் பெண்கள் கைத்தறியில் பட்டு நெய்துகொண்டிருந்தார்கள்.

சரி, பட்டு என்ன ஆயிற்று? 1929க்குப் பிறகு அமெரிக்காவில் வந்த பொருளாதார மந்தத்தில் பட்டு விலை சரிந்தது. அப்புறம் நைலான் வந்தது. போர் வந்ததும் அமெரிக்கச் சந்தையே இல்லாமல் போயிற்று. ஆலைகள் காலியாகக் கிடந்தன. குண்டுவீச்சுக்குப் பயந்து டோக்கியோவிலிருந்து வந்த தொழிற்சாலைகள் அந்த இடங்களில் குடியேறின. கேமரா செய்த ஒலிம்பஸ் நிறுவனம் அந்தக் காலத்தில்தான் இந்தப் பக்கம் வந்தது. பக்கத்துச் சுவா நகரத்தில் 1942இல் ஒரு பழைய மிசோ (சோயா விழுது) கிடங்கில் தொடங்கிய பட்டறைதான் பின்னால் செய்கோவின் கடிகார ஆலையாகி, 1969இல் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைச் செய்தது. பிரிண்டர் செய்யும் எப்சன் நிறுவனம் அங்கிருந்து பிறந்தது. கேமரா, கடிகாரம், இசைப்பெட்டி என்று இந்த வட்டாரத்துக்குக் 'கிழக்கின் சுவிட்சர்லாந்து' என்று பெயரே வந்துவிட்டது.

நல்ல காற்றும் தண்ணீரும்தான் இதற்குக் காரணம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். என் மனம் அதை முழுக்க ஒப்பவில்லை. நூற்பு இயந்திரம் செய்யவும் பழுது பார்க்கவும் பட்டறைகள் இங்கே ஏற்கெனவே இருந்தன. நூலின் தடிமனில் மயிரிழை வித்தியாசம் வந்தாலும் கண்டுபிடிக்கிற ஊர் இது. அந்தப் பழக்கம் ஆலை மூடியதும் போய்விடுமா? கேமரா, கடிகாரத் தொழிலும் பெரும்பகுதி வெளிநாடுகளுக்குப் போய்விட்டது. பெரிய பெயர்கள் போனாலும் சின்னப் பட்டறைகள் தாக்குப்பிடித்து நிற்கின்றன. பையன் இருக்கும் பட்டறையில் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தண்டு கடைகிறார்கள். சோதிக்கும் மேஜையில் ஒரு வயதான அம்மாள் விரலால் உருட்டிப் பார்த்தே சிலதை ஒதுக்குகிறார். அப்புறம் கருவியில் வைத்தால் அவர் ஒதுக்கியவை பிழையானவைதான் என்று தெரிகிறதாம்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. மக்கள்தொகை குறைந்துகொண்டே வருகிறது. 2020 கணக்குப்படி சுமார் 48,000. இளைஞர்கள் டோக்கியோவுக்குப் போகிறார்கள். மலையும் ஏரியும் நெருக்குவதால் வீடுகள் சரிவில் ஏறி நிற்கின்றன. 2006 ஜூலை மழையில் மண்ணும் மரமும் சேர்ந்து சரிந்து உயிர்கள் போயின. ஏரியில் பனிக்கட்டி வெடித்து மேலே எழும்பும் வரம்பைச் சாமி நடந்த பாதை என்பார்கள். 1443 முதல் அதைப் பதிவு செய்து வருகிறார்கள். 2018க்குப் பிறகு பல வருடங்கள் அது வரவே இல்லை.

இனி உன் கேள்விக்கு நேரான பதில்: பட்டு இருக்கிறது, கொஞ்சமாக. 2014இல் புதிதாகத் திறந்த பட்டு அருங்காட்சியகத்துக்குள்ளேயே மியாசாகா நூற்பாலை வேலை செய்கிறது. காட்சிக்காக அல்ல, விற்பனைக்காகவே நூற்கிறார்கள். நுழைந்ததுமே வெந்த கூட்டுப்புழு வாசனை. உன் ஞாபகம்தான் வந்தது. ஒரு பெண் தொட்டி முன்னால் உட்கார்ந்து, சின்னத் துடைப்பத்தால் கூடுகளைத் தட்டி நுனி பிடித்து, பழைய சுவா முறை இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். கூடு ஒன்று தீர்ந்ததும் இன்னொன்றின் நுனியைச் சுண்டிச் சேர்க்கிறார். இழை நிற்கவே இல்லை. அதே கூடத்தில் தானியங்கி இயந்திரமும் ஓடுகிறது. இரண்டு நூலையும் தொட்டுப் பார்க்கத் தந்தார்கள். கையால் எடுத்ததில் கொஞ்சம் துள்ளல் இருக்கிறது.

அங்கே கேட்க உனக்கு என்னென்ன கேள்வி இருக்கிறதோ எழுதி அனுப்பு. தண்ணீரின் சூடு, ஒரு இழைக்கு எத்தனை கூடு, கழிவு எவ்வளவு, எல்லாம் மருமகளை வைத்துக்கொண்டு கேட்டுச் சொல்கிறேன். உன் பக்கம் இருசந்ததிக் கூடு (வருடத்துக்கு இரண்டு தலைமுறை காணும் பூச்சியின் கூடு) இந்தப் பருவம் எப்படி, விலை நின்றதா என்றும் எழுது. லட்சுமிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராமு